47 வயதில் தொடங்கிய பேராசிரியர் வாழ்வு: போல்ராஜின் கதையும் படிப்பை இழந்த எம்மவரும்

போரினால் படிப்பு இடைநின்றுபோன ஒரு தலைமுறை எம்மிடையே இருக்கிறது. இடப்பெயர்வுக்குள் பாடசாலை மாறி மாறிப் படித்தவர்கள், பதுங்கு குழிக்குள் புத்தகத்தை வைத்திருந்தவர்கள், 2009 இல் செட்டிகுளம் முகாம்களுக்குள் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் என்று அவர்கள் பலர். இன்று அவர்களுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். சிலர் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறார்கள். வன்னியில் பௌதிகவியல் கற்பிக்கும் ஆசிரியன் என்ற வகையில், அவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்பது ஒரே கேள்விதான். "சேர், வயசு போட்டுது. இனிப் படிச்சு என்ன செய்யிறது?"

இதற்கு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்புவது எளிது. அதனால் யாருக்கும் பயனில்லை. அதைவிட, மின்பொறியியற் பேராசிரியர் ஒருவரின் கல்வி வாழ்வு எப்படி நகர்ந்தது என்பதை ஆண்டு ஆண்டாக எடுத்துச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். அவர் பெயர் ஆரோக்கியசாமி போல்ராஜ். நீங்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கும் கைத்தொலைபேசிக்குள்ளும், உங்கள் வீட்டு வைஃபை பெட்டிக்குள்ளும் அவருடைய சிந்தனை வேலை செய்கிறது. அந்தச் சிந்தனை தோன்றியபோது அவர் இளைஞர் அல்ல. ஒரு வாழ்க்கையை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொடங்கியிருந்தவர்.

பொள்ளாச்சியிலிருந்து டில்லி வரை

போல்ராஜ் 1944 ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் ஊடாக இந்தியக் கடற்படைக்குத் தெரிவானார். லொனாவ்லாவில் உள்ள கடற்படைப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயின்றார். வழக்கமான பாதையில் போயிருந்தால் கப்பல்களில் இயந்திரங்களைப் பராமரிக்கும் அதிகாரியாகவே ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் அவர் தனியே படித்துக்கொண்டிருந்தார். கடமை நேரம் போக மிச்ச நேரத்தில் கணிதமும் கட்டுப்பாட்டுக் கோட்பாடும் வாசித்தார். கடற்படை அவரை உயர்கல்விக்காக டில்லி ஐ.ஐ.ரி.க்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் இந்திரேசனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1973 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். இரைச்சல் கலந்த தகவலுக்குள்ளிருந்து உண்மையான அளவை எப்படி மதிப்பிடுவது என்ற துறையில் அமைந்தது அந்த ஆய்வு. இந்த ஒரு கேள்வி அவருடைய மிகுதி வாழ்நாள் முழுவதும் கூடவே வந்தது. பல குரல்கள் ஒன்றாகக் கலந்து காதில் விழும்போது, எனக்கு வேண்டிய குரலை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது?

கடலுக்கடியில் கேட்ட ஒலி

1971 டிசம்பர் 9 ஆம் திகதி, இந்திய பாகிஸ்தான் போரின்போது, 'குக்ரி' என்ற இந்தியப் போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. 190 க்கும் மேற்பட்ட கடற்படையினர் இறந்தனர். நீர்மூழ்கியை உரிய நேரத்தில் கண்டறியும் திறன் அக்காலக் கப்பல்களின் சோனார் கருவிகளுக்குப் போதவில்லை என்பது தெளிவாகியது. அந்தக் கருவிகளை மேம்படுத்தும் பொறுப்பு இளம் அதிகாரியான போல்ராஜிடம் வந்தது.

சோனார் என்பது ஒலியால் பார்ப்பது. நீருக்குள் ஒளியும் வானொலி அலையும் அதிக தூரம் போகா. ஒலி போகும். கப்பலின் அடியில் பல ஒலிவாங்கிகளை வரிசையாகப் பொருத்துவார்கள். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி, முதல் ஒலிவாங்கியை ஒரு கணம் முந்தியும் கடைசி ஒலிவாங்கியை ஒரு கணம் பிந்தியும் தொடும். அந்த நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். சொல்வதற்கு இலகு. ஆனால் அலைகளின் இரைச்சல், சொந்தக் கப்பலின் இயந்திரச் சத்தம், கடற்தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாம் அதோடு கலந்துதான் வரும்.

பழைய கருவியை மேம்படுத்திய பின்னர், சொந்தமாகவே ஒரு புதிய சோனாரை வடிவமைக்கும் திட்டம் கொச்சியில் அவர் தலைமையில் தொடங்கியது. 'அப்ஸோ' எனப்பட்ட அந்தக் கருவி 1983 இல் கப்பலில் பொருத்தப்பட்டது. அந்தக் காலத்தில் இது பெரிய சாதனை. இடையில் பிரித்தானியாவின் லவ்பரோ பல்கலைக்கழகத்திலும் அவர் சிறிது காலம் ஆய்வு செய்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. இந்தியப் படை என்ற சொல் எங்கள் மண்ணில் சாதாரண சொல் அல்ல. 1987 தொடக்கம் 1990 வரையான காலம் பல வீடுகளில் இன்னும் ஆறாத காயம். ஒரு கடற்படை அதிகாரியின் கதையை இந்த வாசகர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. எதையும் மறக்கும்படி நான் கேட்கவில்லை. படையின் பெருமை பேசவும் நான் எழுதவில்லை. போர் தேவைக்காகக் கற்ற ஒரு கணிதம் பின்னர் எப்படி எல்லோருடைய கையிலும் வந்து சேர்ந்தது, அதைக் கொண்டு வந்தவரின் கல்விப்பாதை எவ்வளவு கோணலானது என்பதையே பார்க்கிறேன்.

ஓர் ஆசிரியரின் வீட்டுக்கதவு

எந்தப் பேராசிரியரின் வாழ்க்கையைத் திறந்து பார்த்தாலும் அதற்குள் இன்னொரு பேராசிரியர் இருப்பார். போல்ராஜுக்கு அவர் தோமஸ் கைலாத். கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த கைலாத் 1935 இல் புனேயில் பிறந்தார். 1961 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் மின்பொறியியற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1963 முதல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1980 இல் வெளியான அவருடைய 'லீனியர் சிஸ்டம்ஸ்' என்ற பாடநூலைப் படிக்காத கட்டுப்பாட்டுப் பொறியியல் மாணவர் அக்காலத்தில் குறைவு.

அப்ஸோ வேலை முடிந்ததும் போல்ராஜ் விடுப்பில் சென்று சேர்ந்தது கைலாத்தின் ஆய்வுக் குழுவில்தான். 1983 முதல் 1986 வரை அங்கே இருந்தார். அக்காலத்தில் அவரும் றிச்சர்ட் றோய் என்ற ஆய்வு மாணவரும் கைலாத்தும் சேர்ந்து 'எஸ்பிரிட்' என்ற கணிப்பு முறையை உருவாக்கினர். பல திசைகளிலிருந்து ஒரே நேரத்தில் வரும் அலைகளின் திசைகளைத் துல்லியமாகக் கண்டறியும் முறை அது. இன்றும் பொறியியற் பாடத்திட்டங்களில் கற்பிக்கப்படுகிறது.

கவனித்துப் பாருங்கள். கடலுக்கடியில் ஒலியின் திசை தேடியவர், இப்போது காற்றில் வானொலி அலையின் திசை தேடுகிறார். கருவி வேறு, கணிதம் ஒன்று. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கப்பலில் கழிந்த ஆண்டுகள் அவருக்கு இழப்பாகவில்லை. ஆய்வுகூடத்தில் மட்டும் வளர்ந்த ஒருவருக்குக் கிடைக்காத அனுபவமாகிவிட்டன.

நாடு திரும்பிய அவர், செயற்கை நுண்ணறிவு மற்றும் ரோபோவியல் மையம் உட்பட இந்தியாவின் தேசிய ஆய்வு நிறுவனங்களை உருவாக்கி வளர்க்கும் பணியில் ஈடுபட்டார். 1991 இல் கடற்படையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். மீண்டும் ஸ்ரான்போர்ட் சென்றார். அப்போது வயது 47. முதலில் ஆய்வாளராகவும் பின்னர் பேராசிரியராகவும் பணியாற்றினார். பொதுவாக முப்பது வயதளவில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, நாற்பதில் நிரந்தரமாகி, ஐம்பதில் புகழின் உச்சியில் இருப்பதே அமெரிக்கப் பல்கலைக்கழக வழமை. இவர் மற்றவர்கள் பாதி வழி கடந்துவிட்ட இடத்தில் தொடங்கினார்.

எதிரொலி நண்பனான கதை

1990 களின் தொடக்கத்தில் கைத்தொலைபேசித் துறைக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. பாவனையாளர் தொகை கூடுகிறது. ஆனால் காற்றலை வரிசைக்கு எல்லை உண்டு. அதிக அலைவரிசை வாங்குவதென்றால் பெரும் பணம். ஆற்றலைக் கூட்டலாம் என்றால் அதிலும் பலன் குறைவு. 1948 இல் குளோட் ஷனன் நிறுவிய விதியின்படி, சமிக்ஞை ஏற்கெனவே வலுவாக இருக்குமிடத்தில் ஆற்றலை இரட்டிப்பாக்கினாலும் வேகம் சிறிதளவே கூடும்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை. வானொலி அலை கோபுரத்திலிருந்து நேரே வந்து சேர்வதில்லை. கட்டடத்தில் பட்டு, மதிலில் பட்டு, மரத்தில் பட்டு, பல எதிரொலிகளாக வரும். அவை ஒன்றையொன்று குழப்பும். பொறியியலாளர்கள் இந்த எதிரொலியைப் பகையாகவே பார்த்தார்கள்.

போல்ராஜ் அதைத் தலைகீழாகப் பார்த்தார். அருகருகே இருக்கும் இரண்டு அன்ரெனாக்கள் ஒரே அலைவரிசையில் இரண்டு வேறு தகவல்களை அனுப்பட்டும். வாங்கும் பக்கத்திலும் இரண்டு அன்ரெனாக்கள் இருக்கட்டும். எதிரொலிகள் இருப்பதாலேயே அவற்றைப் பிரித்துவிட முடியும் என்றார்.

இது மந்திரம் அல்ல. சாதாரண தரத்தில் நாங்கள் படிப்பிக்கும் ஒருங்கமை சமன்பாடுதான். அனுப்பும் இரண்டு தகவல்களை க, ங என்று வைத்துக்கொள்வோம். முதலாவது அன்ரெனாவில் இரண்டும் கலந்து 3க + ங = 11 என்று வந்து விழுகிறது. இரண்டாவது அன்ரெனாவில் க + 2ங = 7 என்று விழுகிறது. தீர்த்துப் பாருங்கள். க = 3, ங = 2. கலந்து வந்த இரண்டும் தனித்தனியே கைக்கு வந்துவிட்டன.

இரண்டாவது அன்ரெனாவில் 6க + 2ங = 22 என்று வந்திருந்தால்? அது முதற் சமன்பாட்டின் இரு மடங்கு மட்டுமே. புதிதாக எதையும் சொல்லாது. தீர்க்க முடியாது. தடை எதுவும் இல்லாத திறந்த வெளியில் தூரத்திலுள்ள கோபுரத்திலிருந்து அலை நேரே வரும்போது இப்படித்தான் நடக்கும். இரண்டு அன்ரெனாக்களும் ஏறக்குறைய ஒன்றையே கேட்கும். மதிலும் மரமும் கட்டடமும் அலையைச் சிதறடிக்கும்போதுதான் இரண்டும் வேறு வேறு விதமாகக் கேட்கும். சமன்பாடுகள் வேறுபடும். விடை வரும்.

3, 1, 1, 2 என்ற எண்கள் வாங்கும் கருவிக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கெட்டிக்கார மாணவி கேட்பாள். நல்ல கேள்வி. இரு பக்கமும் முன்கூட்டியே அறிந்த சில அடையாளச் சமிக்ஞைகளை இடையிடையே அனுப்புவார்கள். அவை எப்படி மாறி வந்து சேர்ந்தன என்பதைப் பார்த்து அந்த எண்களைக் கருவி கணித்துக்கொள்ளும். நீங்கள் நடக்க நடக்க அந்த எண்கள் மாறும். ஆகவே கருவியும் ஒரு செக்கனுக்குள் பல தடவை கணித்துக்கொண்டே இருக்கும்.

இந்த முறைக்கு இன்று 'மைமோ' என்று பெயர். போல்ராஜும் கைலாத்தும் 1992 இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1994 இல் அது கிடைத்தது.

நம்பாதவர்களின் காலம்

கண்டுபிடித்தவுடன் உலகம் மாலை போடவில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு தகவல்களை அனுப்பிப் பிரிக்கலாம் என்பதை ஆரம்பத்தில் தொழிற்துறை நம்பத் தயங்கியது. பின்னர் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதன் கணித எல்லைகளை நிறுவினர். செய்முறையிலும் காட்டினர். ஒரு கண்டுபிடிப்பு ஒருவரால் மட்டும் நிறைவேறுவதில்லை என்பதற்கு இதுவும் சாட்சி.

போல்ராஜ் ஆய்வுக் கட்டுரைகளோடு நிற்கவில்லை. 1998 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, மைமோ வேலை செய்யும் கருவியைச் செய்துகாட்டினார். அதன் தொழில்நுட்பத்தைப் பின்னர் இன்ரெல் வாங்கியது. 2003 இல் தொடங்கிய இரண்டாவது நிறுவனமான பிசீமை 2010 இல் புறோட்கொம் வாங்கியது. அதே 2003 இல் தன் மாணவர்கள் இருவருடன் சேர்ந்து இத்துறைக்கான பாடநூலும் எழுதினார். 2009 இல் வெளியான வைஃபை தர நிர்ணயத்திலும், நாலாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலையமைப்பிலும் மைமோ அடிப்படையாகிவிட்டது. 2010 இல் இந்தியாவின் பத்மபூஷண், 2011 இல் மின்பொறியியலாளர்களின் உலகளாவிய அமைப்பு வழங்கும் கிரகம் பெல் பதக்கம், 2014 இல் மார்க்கோனி பரிசு என்று விருதுகள் தேடி வந்தன. மார்க்கோனி பரிசு பெற்றபோது அவருக்கு எழுபது வயது.

எங்களுக்கு இதில் என்ன?

போல்ராஜையும் எங்கள் பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அவருக்குப் பின்னால் ஓர் அரசு இருந்தது. சம்பளத்தோடு படிக்க அனுப்பியது. ஆய்வுக்கு நிதி கொடுத்தது. எங்கள் பிள்ளைகளின் பின்னால் இருந்தது தாயின் தாலிக்கொடி அடகும், காணாமல் ஆக்கப்பட்ட தந்தையின் வெற்றுக் கதிரையும். முயன்றால் முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அநியாயம். முயன்றும் முடியாமற் போனவர்களை நான் அறிவேன். அவர்களிடம் குறை இருந்ததால் அல்ல.

ஆனாலும் அவருடைய பாதையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று உண்டு.

முதலாவது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே கற்றதும் கல்விதான். 1990 களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். சுற்றும் வேகம் குறைந்தால் சத்தம் இறங்கும் என்பதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே கை அறிந்திருந்தது. இன்று கைத்தொலைபேசிக் கடையில் பலகையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து ஒட்டுகிற இளைஞனுக்கு, பட்டதாரிகள் பலருக்கு இல்லாத கைப்பழக்கம் இருக்கிறது. அதற்குப் பின்னாலுள்ள கணிதத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, ஒரு கதவு மூடினால் மற்றதைத் தட்டத் தெரிந்திருக்க வேண்டும். எமது உயர்தரப் பரீட்சையை வைத்துப் பல்கலைக்கழகம் செல்ல மூன்று தடவைதான் முயலலாம். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் வாழ்க்கை முடிந்ததாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகம் பொறியியற் பட்டம் வழங்குகிறது. பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் வேலை செய்துகொண்டே அங்கே சேரலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளும் உயர் தேசிய டிப்ளோமாவும் இருக்கின்றன. பட்டம் முடித்தவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியற் கலாநிதிப் படிப்புக்குத் தெரிவாகும் மாணவர்கள் பெரும்பாலும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ பணியாற்றி மாத உதவித்தொகையும் பெறுகிறார்கள். காணியை விற்றால்தான் வெளிநாட்டுப் படிப்பு என்பது எல்லாப் படிப்புக்கும் பொருந்தாது.

மூன்றாவது, கைலாத் போன்ற ஒருவர். போல்ராஜ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், 47 வயதுக்காரரைத் தன் குழுவில் சேர்த்துக்கொள்ள ஒரு பேராசிரியர் மனம் வைத்திருக்காவிட்டால் இந்தக் கதை இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகிறது. போர் உழுதுபோட்ட அதே மண்ணில் மின், இலத்திரனியல் பொறியியலும் கணினிப் பொறியியலும் கற்பிக்கப்படுகின்றன. புலம்பெயர்ந்த நாடுகளிலும் எம்மவர்கள் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து நான் எதிர்பார்ப்பது பணம் அல்ல. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இணையவழியில் ஒரு வகுப்பு, ஒரு மாணவியின் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுக்கும் அரை மணித்தியாலம், வயது பார்க்காமல் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தடவை ஒருங்கமை சமன்பாடு கற்பிக்கும்போது, தேங்காய் விலை, மாங்காய் விலைக் கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டுங்கள். இந்தக் கணக்கைத்தான் இது இப்போது செய்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். பின் வாங்கில் இருக்கும் பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து பார்ப்பதை நான் என் வகுப்பில் கண்டிருக்கிறேன்.